கண்ணாடிக்குக் கீழே உன் கை

காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "நைனா, இத்த பாரேன்" என்றாள். நீலத் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் ஓலைக்கூரை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் கடலில் இறங்கத் தனிப் படிக்கட்டு. ஒரு பெண் தட்டில் சுருட்டிய ஈரத்துண்டை வைத்துக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் படம் தண்ணீருக்குள் போயிற்று. மாட்டுக்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளப்பாறை, அதற்கு நடுவே புகுந்து வெளிவரும் மீன்கள். "அந்தமான் நைனா. நீயும் அம்மாவும் போனீங்களே, அந்தப் பக்கந்தானாம். லீவு கெடைக்கும். போலாமா?"

போகலாம் என்று சொல்லிவிட்டேன். வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை, ஒரு யோசனை செய்யவில்லை. சொன்ன பிறகுதான் உன்னிடம் சொல்லவில்லையே என்று இருந்தது. நம் கல்யாணத்துக்குப் பிறகு உன்னிடம் சொல்லாமல் நான் சித்தூர் எல்லையைத் தாண்டியது கிடையாது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் போன காலத்தில் அங்கே சும்மா போய்ப் பார்க்கிற ஆட்கள் ரொம்பக் குறைவு. எழுபதுகள் முடியும் சமயம். நம் ஊரில் அந்தமான் என்றாலே ஜெயில்தான். குடிபாலாவிலிருந்து வந்த உன் நைனா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாப்ள இன்னா தப்பு பண்ணாரு?" என்று உண்மையாகவே பயந்துபோய் உன்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ உள்ளே வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

எல்லாம் திருப்பதிச் சலபதியால் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்த மனுஷன். சித்தூரில் நடந்த அவருடைய தங்கை கல்யாணத்தை நான் படம் எடுத்தேன். நீ அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தூரிகையால் கலர் பூசிக் கொடுத்தாய். அந்தக் கலரில் மயங்கிப்போனவர், ஒரு நாள் நெற்றியில் நாமமும் கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையுமாக நம் ஸ்டுடியோவுக்குள் வந்தார்.

"மலைக்கு வர்றவங்க மொட்டை அடிக்கறாங்க, தரிசனம் பண்றாங்க, ரூம காலி பண்ணிட்டுப் போயினே இருக்காங்க. ஒருநாள் கூட தங்கமாட்டேங்கறாங்க. சமுத்திரத்துப் பக்கம் அட்ல காது சார், அப்படி இல்ல. ஜனம் சும்மா படுத்துக்கினு இருக்கறதுக்கே வருமாம். ஃபாரின்ல எல்லாம் இதான் இப்ப பிசினஸ்."

போர்ட் பிளேயரில் ஒரு கூட்டாளியைப் பிடித்திருந்தார். பக்கத்துச் சின்னத் தீவு ஒன்றில் தென்னந்தோப்பும் கரையும் பார்த்து வைத்திருந்தார்கள். பணக்காரர்கள் வந்து தங்குகிற மாதிரி காட்டேஜ்கள் கட்ட வேண்டும், அதற்கு முன்னால் படம் போட்ட புத்தகம் ஒன்று அச்சடிக்க வேண்டும். படத்தில் நிற்க மெட்ராஸிலிருந்து நாடகத்தில் நடிக்கிற பெண் ஒருத்தி வருவாள். நான் எடுக்க வேண்டும். நீ வருவதாக அப்போது பேச்சே இல்லை.

"நானும் வரேன்" என்று நீதான் சொன்னாய். பக்கத்து வீட்டில் இருந்த என் அக்காவுக்குத் தாங்கவில்லை. "ஆம்பள வேலைக்குப் போறான். நீ எதுக்குடி வாலப் புடிச்சிக்கினு?" என்று கேட்டாள். நீ அடுப்பை விட்டுத் திரும்பாமலே பதில் சொன்னாய். "அவுரு கண்ணு கேமராவுலயே இருக்கும் அண்ணி. கால எங்க வெக்கிறாருன்னு யாரு பாக்கறது?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், போய்த் தொலைங்க என்றாள்.

அந்த நாடகப் பெண் துறைமுகம்வரை வந்தாள். கப்பலை மேலும் கீழும் பார்த்தாள். கூட வந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். கப்பல் வெளிக்கடலுக்கு வந்ததும் அவள்தான் புத்திசாலி என்று எனக்குத் தோன்றியது. நானும் சலபதியும் ஆளுக்கொரு வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். நீ எங்களுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கையில் கொடுத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய்விடுவாய். ஒருமுறை சுவரைப் பிடித்து நடந்து வந்து எட்டிப் பார்த்தேன். கம்பியில் கையூன்றி, தலைமயிர் முகத்தில் அடிக்க, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாய். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை உன்னிடம் நான் பார்த்ததில்லை.

சித்தூரில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் குழாய்தான். நீவாநதியில் நான் தண்ணீரைவிட மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீயோ குடிபாலாப் பக்கத்துக் கழனிக் கிணறுகளில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவள். டவுனுக்கு வாழ வந்தபின் குதிக்கக் கிணறும் இல்லை, குதிக்க விடுகிற தெருவும் இல்லை. அதைப் பற்றி நீ ஒருநாளும் குறை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று கப்பலில் உன் முதுகைப் பார்த்தபோதுதான் உனக்கு எது இல்லாமல் இருந்தது என்று புரிந்த மாதிரி இருந்தது.

போர்ட் பிளேயரிலிருந்து மோட்டார் படகு. ஓட்டியவர் அப்பாராவ், ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து அங்கே குடியேறியவர். முன்பு கடலுக்குள் முங்கிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தவர். கரை தூரத்தில் இருக்கும்போதே எஞ்சினை நிறுத்தினார். அடியில் பவளப்பாறை, படகின் அடிப்பலகை உடையும், இனி நடந்துதான் போக வேண்டும் என்றார். சலபதி வேட்டியைத் தொடைவரை தூக்கிக்கொண்டு முனகினார். "கஸ்டமர இட்ல நடக்க வெக்க முடியுமா? இந்தப் பாறைக்கு வெடி வெச்சிட்டா போட் நேரா கரைக்கு வந்துடும்." அப்பாராவ் நங்கூரத்தை இறக்கினார். நீ மட்டும் குனிந்து தண்ணீரைப் பார்த்தாய்.

கரையில் வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, ஆளரவம் இல்லை. நாடகப் பெண் இல்லாததால் சலபதி உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். நான் கேமராவைப் பார்த்தேன். கிறிஸ்மஸுக்கு எடுத்த மஞ்சள் புடவையோடு கணுக்கால் தண்ணீரில் போய் நின்றாய், கோயில் பாட்டுக் குழுவில் நிற்கிற மாதிரி விறைப்பாக. "கொஞ்சம் நவ்வும்மா" என்று சலபதி சிரிக்கச் சொன்னார்.

"எத்தப் பாத்து சிரிக்கறது?"

"நாளைக்கு வரப்போற கஸ்டமர பாத்து."

ஆளே இல்லாத கடலைத் திரும்பிப் பார்த்தாய். சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது உனக்கு. அந்த நொடியில் அழுத்தினேன். நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம் என்று இன்றும் சொல்வேன்.

வேலை முடிந்து மதியத்துக்கு மேல் படகுக்கு வந்தோம். நான் ஃபிலிம் மாற்ற நிழல் பார்த்துக் குனிந்து உட்கார்ந்தேன். நிமிர்ந்தபோது நீ படகில் இல்லை. உன் செருப்பு மட்டும் ஜோடியாக இருந்தது. அப்பாராவிடம் முங்குகிறவர்கள் போடுகிற கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, புடவையைக் கச்சம் வைத்துக் கட்டி இறங்கிவிட்டாயாம். சுற்றிலும் தண்ணீர் தகடாகப் பளபளத்தது. உன் தலை எங்கும் இல்லை. உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சலபதி கோவிந்தா கோவிந்தா என்று ஆரம்பித்துவிட்டார். அப்பாராவ் மட்டும் நிதானமாகக் கைகாட்டினார். "அதிகோ, அக்கட." நான் நினைத்ததற்கு எத்தனையோ தூரம் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி எழுந்தது. மறுபடி முங்கியது. நீரோட்டம் உன்னை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவர் படகைக் கிளப்பிக் கயிற்றை வீசினார். நீ பிடித்துக்கொண்டு ஏறி வந்தாய், மூச்சு வாங்க, கண் சிவக்க, முழங்காலில் ரத்தக் கீறலோடு.

"உயிரே போச்சுடி எனக்கு!" என்று கத்தினேன்.

"எனக்கு இப்பத்தாங்க வந்துது" என்றாய்.

இனி தண்ணீரில் கால் வைத்தால் பார் என்று மறுபடியும் கத்தினேன். நீ போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாய்.

சாயங்காலம், பக்கத்துத் தீவில் நாம் தங்கியிருந்த விடுதியின் வராந்தாவில் நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து கீழே உட்கார்ந்தாய். உன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தாய்.

"பவழம்னா செவப்புன்னுதானே நெனச்சிக்கினு இருந்தோம்? செவப்பே இல்லீங்க. ஒண்ணு கடுகு அரைச்ச கலரு. ஒண்ணு கத்திரிக்கா காம்புக்குக் கீழ இருக்குமே, அந்த வெளுத்த ஊதா. ஆட்டு மூளை மாதிரியே ஒண்ணு, உருண்டையா, நம்ம பிள்ள உள்ள உக்காந்துக்கலாம், அம்மாம் பெருசு. அது எல்லாம் கல்லுன்னு நெனச்சேன். கிட்டப் போனா மெதுமெதுன்னு ஆடுது. உசுரு கீது அதுக்கு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன். காது உன்னிடம் இருந்தது, உனக்கும் அது தெரியும். நீ ஒரு சிப்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது, உள்ளே மயில் கழுத்து நிறம், இல்லை, அது மாதிரியும் இல்லை, நம் கலர் டப்பாவில் அந்த நிறமே கிடையாது என்றாய். பாதியில் நிறுத்திவிட்டாய்.

"சொன்னா வரமாட்டேங்குது. நீங்க பாக்கணும்."

"நான் எறங்கமாட்டேன்."

"எறங்க வாணாம்" என்றாய். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாய்.

மறுநாள் காலையில் பார்த்தால் நீயும் அப்பாராவும் ஒரு சதுர மண்ணெண்ணெய் டின்னோடு உட்கார்ந்திருந்தீர்கள். மேலும் கீழும் தகடு வெட்டி எடுத்தாயிற்று. ஒரு பக்கம் கண்ணாடி பதித்துத் தண்ணீரில் அழுத்தினால், மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கடலடி தெரியும். அந்தப் பக்கம் சிப்பி தேடுகிறவர்கள் செய்வதுதானாம். கண்ணாடிதான் இல்லை. அந்தச் சின்னத் தீவில் கண்ணாடிக் கடை ஏது?

சலபதி பூமி பூஜைக்கென்று வெங்கடேசப் பெருமாள் படம் ஒன்றைச் சட்டம் போட்டுத் திருப்பதியிலிருந்து கொண்டுவந்திருந்தார். கப்பலில் வாந்தி எடுத்தபோதும் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. நீ நேராக அவரிடம் போனாய்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. சாமிப் படத்து மேல கீற கண்ணாடிய மட்டும் கொஞ்சம் குடுப்பீங்களா? மத்தியானமே திருப்பிக் குடுத்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண், திருப்பதிக்காரரிடம் கேட்கிற கேள்வியா அது? சலபதி படத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சம்மணமிட்டு உட்கார்ந்து படத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்து ஆணிகளைத் தன் கையாலேயே நிமிர்த்தினார். பெருமாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பட்டுத்துண்டில் சுற்றி வைத்தார். கண்ணாடியை உன்னிடம் நீட்டினார்.

"ஒடஞ்சிட்டா?" என்றேன் நான்.

"ஆயன பாத்துக்குவாரு. சமுத்திரமே அவருது. நமக்கு எதுக்கு பயம்?"

படகுக்குப் பூசுகிற தாரை விளிம்பில் அப்பிக் கண்ணாடியைப் பொருத்தினார் அப்பாராவ். இந்த முறை கயிற்றின் ஒரு முனையை உன் இடுப்பில் கட்டினேன். மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். கத்தியதற்கு அதைத்தான் சமாதானமாக வைத்துக்கொண்டோம். படகின் விளிம்பில் குப்புறப் படுத்தேன். விழுந்துவிடாமல் இருக்க அப்பாராவ் என் கால்மேல் உட்கார்ந்துகொண்டார். நீ தண்ணீரில் நின்றபடி நீந்திக்கொண்டு டின்னைப் பிடித்து அழுத்தினாய். நான் அதைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே விட்டதும் நீ முங்கினாய்.

முதலில் மண்ணெண்ணெய் நாற்றம். பிறகு இருட்டு. கண் பழகியதும் கடலுக்குக் கூரை பிரிந்த மாதிரி ஆயிற்று. நீ சொன்ன கடுகு நிறம் அங்கே இருந்தது, கத்திரிக்காய் ஊதா இருந்தது. ஆட்டு மூளை அத்தனை பெரிதாகத்தான் இருந்தது. கொம்பு கொம்பாய்க் கிளைத்து நுனியில் மட்டும் வெளுத்த காடு ஒன்று சரிவில் இறங்கிப் போனது. வெயில் அலையோடு சேர்ந்து அதன்மேல் வலை வலையாக நகர்ந்தது. கிளைகளுக்கு நடுவே மீன்கள், நம் தெருப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவார்களே, அப்படி.

அப்போது கண்ணாடிக்குக் கீழே உன் கை வந்தது.

கருப்பு வளையல், நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கலர்க்கறை. அந்தக் கை மெல்ல நீண்டு ஓர் இடத்தைக் காட்டியது. பார்த்தேன், அந்தச் சிப்பி. நீ சொன்னது சரி, அந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது. உன் நிழல் பட்டதும் அது வாயை மூடிக்கொண்டது. நீ கையை விலக்கினாய். கொஞ்ச நேரத்தில் திறந்தது. அப்புறம் வேறொரு பக்கம் காட்டினாய். அப்புறம் இன்னொன்று. சின்னதாய் ஒரு மீன் வந்து உன் விரலை முட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. நீ தண்ணீருக்குள் பேச முடியாது, டின்னுக்குள் எனக்குக் கேட்கவும் கேட்காது. இருந்தாலும் நீ சொன்னது ஒன்றுவிடாமல் எனக்குப் புரிந்தது. என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்க மங்க, சட்டைக்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்ணிலும் கொஞ்சம் மங்கல் இருந்தது. கேமரா பக்கத்திலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

பிறகு சலபதி படுத்தார். படகே ஒரு பக்கம் சாய்ந்தது. டின்னுக்குள்ளிருந்து "ஓரி தேவுடா... ஓரி தேவுடா..." என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்தபோது நெற்றி நாமம் வேர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது. திரும்பி வரும்போது, "அம்மா, அந்த வெடி வேணாம் லே. போட் வந்து நிக்கற ஜெட்டிய கடலுக்குள்ள நீட்டமா கட்டிக்கலாம்" என்றார். நீ தலையாட்டினாய், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட ஆள் மாதிரி.

அவர் ஓட்டல் வரவே இல்லை. கூட்டாளி விலகிக்கொண்டார், அனுமதி இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சலபதி தன் லாட்ஜே போதும் என்று உட்கார்ந்துவிட்டார். ஆனால் உன் படத்தை நீ கலர் பூசிக் கொடுத்தபடியே பெரிதாக்கி வரவேற்பு மேஜைக்குப் பின்னால் மாட்டினார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வருகிறவர்களெல்லாம், "எந்தப் படத்துல நடிச்சிக்கீறாங்க இந்தம்மா?" என்று கேட்பார்களாம். அவர் பதில் சொல்வதில்லையாம், மர்மமாகத் தலையசைப்பாராம். பக்கத்திலேயே பெருமாள் படம். அதே கண்ணாடி, ஓரத்தில் தார்க்கறை. கழுவினால் போகாதா என்று நீ ஒருமுறை கேட்டாய். "எதுக்கம்மா கழுவணும்? சமுத்திரம் பாத்துட்டு வந்தது அது" என்றார். சித்தூர்ச் சபையில் சிலர் கடலில் நின்று பல்லைக் காட்டுகிறாளாமே என்று பேசினார்கள். உன் காதுபடவே ஒருத்தி கேட்டாள். "ஆமா, சிரிச்சேன்" என்றாய். அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கும் ஒரு பிரதி கேட்டாள்.

மகள் காட்டிய படத்தில் எல்லாம் இருந்தது. நாம் பார்த்ததைவிட அதிக மீன், அதிக வெளிச்சம். யாருடைய கையும் இல்லை. கடல் சூடாகிப் பல இடங்களில் பவளம் வெளுத்துப் போயிற்றாம், நீ பார்த்தது மாதிரி இருக்காது நைனா என்று அவளே பக்குவமாகச் சொன்னாள். பரவாயில்லை, இருப்பதைப் பார்ப்போம் என்றேன். "ஆனா நீ தண்ணியில எறங்கக் கூடாது, இந்த வயசுல" என்றாள். எனக்கு நீச்சல் தெரியும் என்றேன். அவளுக்கு அது புதுச் செய்தி.

அவளுக்கு எப்படித் தெரியும்? ஊருக்குத் திரும்பிய அந்தக் கோடையில் அவள் பள்ளி லீவுக்கு அக்கா வீட்டில் இருந்தாள். நீ என்னைக் குடிபாலாவுக்கு இழுத்துக்கொண்டு போய், உங்கள் கழனிக் கிணற்றுப் படியில் நிறுத்தினாய். முப்பதைத் தாண்டியவன், அரை நிக்கரோடு. உன் தம்பிகள் மேட்டில் வரிசையாக நின்று, "மாமா, சொரப்புருடை கட்டிக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கட்டிக்கொண்டேன். அந்தக் காய்ந்த சுரைக்குடுக்கை என்னை மிதக்க வைத்தும் அலறினேன். கிணறு முழுக்க என் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. நீ அவர்களை விரட்டிவிட்டு, புருடையை அவிழ்த்துப் போட்டாய். என்னை மல்லாக்கச் சாய்த்து முதுகுக்கு அடியில் உள்ளங்கையை விரித்துத் தாங்கினாய்.

"வானத்தப் பாருங்க. ஒடம்ப உட்டுடுங்க. நான் புடிச்சிக்கினு கீறேன்."

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிக்கினுதான் கீறேன்."

கிணற்று வாயளவுக்கு வட்டமாக வானம். ஒரு காக்கை குறுக்கே போனது. காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகத்துச் சத்தமெல்லாம் அடங்கியது. புடிச்சிருக்கியா, புடிச்சிருக்கியா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருதரம் பதில் வரவில்லை. தலையைத் திருப்பினால், நீ எதிர்ப்படியில் உட்கார்ந்து முடியைப் பிழிந்துகொண்டிருந்தாய்.

"எப்ப உட்ட?"

"அப்பவே உட்டுட்டேன்" என்றாய்.

நீ போய் இது மூன்றாவது மழைக்காலம். உன் துணிமணியெல்லாம் மகள் எடுத்துக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டாள், நான் தடுக்கவில்லை. என்னிடம் இருப்பது யாரும் எடுத்துக் கொடுக்க முடியாத இடம் ஒன்று. இடது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, முதுகில், உன் உள்ளங்கை விரிந்த அளவுக்கு. மல்லாந்து படுக்கும்போது அந்த இடம் மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. பிடித்திருக்கிறாயா என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. உடம்பை விட்டுவிடுகிறேன். மிதக்கிறேன்.